தறிக்குழியில் ஊறிய தண்ணீர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. 2015, 2021 வெள்ளங்களில் காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்கள் பட்ட பாட்டை உங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எழுதி வைக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. "எங்கே தொடங்குவது, யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது, ஒன்றும் புரியவில்லை அத்தை" என்று எழுதியிருக்கிறாய். நெசவு வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் என்னைக் கேட்கிறாய். தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

தெருவில் தண்ணீர் நின்ற நாளைக் கேட்டு ஆரம்பிக்காதே. தண்ணீர் வடிந்த மறுநாள் தொடங்கி, தறி மறுபடி ஓடிய நாள் வரைக்கும் வீட்டில் என்ன நடந்தது என்று கேள். நம் தெருக்காரர்கள் இழந்ததெல்லாம் அந்த இடைப்பட்ட நாட்களில்தான் இருக்கிறது. அந்த நாட்களை இதுவரை யாரும் எண்ணி எழுதவில்லை.

தண்ணீர் நின்ற நாளைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து இரவில் நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை மூழ்கியது. தாம்பரமும் முடிச்சூரும் அன்றைக்குக் காஞ்சிபுரம் மாவட்டம்தான். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அந்த வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்று அது சொன்னது. நல்ல அறிக்கை, தேடிப் படி. ஆனால் அதன் எல்லை சென்னையும் அதன் புறநகரும். காஞ்சிபுரத்தில் நம் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் அந்தக் கார்த்திகை, மார்கழியில் எத்தனை நாள் நின்றன என்பதற்கு அதில் இடமில்லை.

2021இல் வந்தது பாலாறு. வருடக்கணக்கில் வெறும் மணலாகக் கிடந்த ஆறு, நவம்பர் 19ஆம் தேதி வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் ஓடியது. ஆந்திரத்தின் கலவகுண்டா அணையிலிருந்து பொன்னையாற்று வழியாக வந்த தண்ணீரும் அதில் சேர்ந்திருந்தது. 1903க்குப் பிறகு இவ்வளவு தண்ணீரைப் பாலாறு பார்த்ததில்லை என்றார்கள். 1903 நவம்பரில் இதே ஆறுதான் வாணியம்பாடியில் ஏறக்குறைய இருநூறு பேரை ஒரே இரவில் கொண்டுபோயிற்று. அங்கே அவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் உண்டு. 2021இல் வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலம் உடைந்தது. உடைந்த பாலத்துக்கு நூறு படம் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கக் குழந்தை குட்டியோடு கரைக்குப் போன சனங்களுக்கும் படம் இருக்கிறது. அதே வாரம் ஊருக்குள் வீட்டு நடுவில் இருந்த குழிகளில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்ததே, அதற்குத்தான் படமும் இல்லை, எழுத்தும் இல்லை.

தறிக்குழியைப் பற்றி உன் தோழிகளுக்கு நீதான் சொல்ல வேண்டும். நெசவு வீட்டுப் பிள்ளைகள் உங்களில் சிலர்தான் இருப்பீர்கள். குழித்தறியில் நெய்கிறவர் தரைக்குக் கீழே காலைத் தொங்கவிட்டு உட்காருவார். மிதிகள் எல்லாம் குழிக்குள் இருக்கும். மழை வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவேண்டிய அவசியமே இல்லை. அடைமழையில் நிலத்தடி நீர் மேலே ஏறினால் குழியின் பக்கச் சுவரிலிருந்தும் அடியிலிருந்தும் தானாகவே ஊறும். காலையில் இறைத்தால் சாயங்காலம் மறுபடி நிற்கும். தெருவில் தண்ணீர் வடிந்து, பேருந்து ஓடி, பள்ளிக்கூடம் திறந்து, எல்லோரும் வெள்ளத்தை மறந்த பிறகும் குழி ஊறிக்கொண்டே இருக்கும். உன் தாத்தா அந்த நாட்களில் குவளையும் வாளியுமாகக் குழிக்குள் இறங்குவார். இறைத்துவிட்டு அடுப்புச் சாம்பலைக் கொட்டுவார், மணலைக் கொட்டுவார், பலகையைப் போட்டுப் பார்ப்பார். ஈரத்தில் காலை வைத்து நெய்து விரலிடுக்கெல்லாம் புண்ணாகிவிடும். உன் பாட்டி மஞ்சள் அரைத்துப் பூசிவிடுவாள். இதை எந்த அதிகாரியும் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வீடு முழுசாக, நன்றாகத்தான் இருக்கும்.

குழி காய்ந்தாலும் தறி உடனே ஓடாது. காற்றில் ஈரம் இருந்தால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு தளரும், இழை ஒன்றோடொன்று ஒட்டும், அறுந்துகொண்டே இருக்கும். ஜக்கார்டு அட்டைகள் ஊறி வளைந்துவிடும். ஓர் அட்டை வளைந்தால் கரையில் இருக்கிற அன்னப்பட்சிக்குக் கழுத்து இல்லாமல் போகும். மரம் உப்பும். சாயப்பட்டறையில் சாயம் தோய்த்த பட்டைக் காயவைக்க வெயில் இருக்காது. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்களே, அதற்கு ஈரமில்லாத தெருவும் மழையில்லாத இரண்டு மூன்று மணி நேரமும் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அது கிடைப்பதே பெரிய பாடு. ஆகவே நெய்கிறவர் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாவிட்டாலும் சாயக்காரருக்கும் பாவு போடுகிறவருக்கும் வேலை நின்றால் அவருக்கும் நிற்கும். இந்தச் சங்கிலியை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு பிறகு வீடுகளுக்குப் போ. யார் வேலை நின்றதால் யார் வேலை நின்றது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக் கோடு போட்டுக்கொண்டே வா. தண்ணீரே வராத தெருக்களுக்கும் போக வேண்டியிருக்கும். போ.

இதோடு காலமும் சேர்ந்து அடிக்கிறது. தீபாவளிக்கு விற்பனையாகும் சேலைகளுக்கு ஐப்பசிதான் கடைசித் தவணை. தை முகூர்த்தத்துக்குப் போகிற சேலைகள் கார்த்திகையிலும் மார்கழியிலும் தறியில் இருக்க வேண்டும். நெசவாளிக்கு நாலு காசு பார்க்க ஏற்ற மாதங்களும் வடகிழக்குப் பருவமழை மாதங்களும் ஒன்றாகவே இருக்கின்றன. வைகாசியில் பத்து நாள் தறி நின்றால் அது ஒரு கணக்கு. கார்த்திகையில் பத்து நாள் நின்றால் கணக்கு வேறு. நீங்கள் எழுதுவதில் இந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

இப்போது நிவாரணத்துக்கு வருகிறேன். உங்கள் வேலைக்கு அவசியம் எங்கே இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். 2015இல் அரசு, குடிசை இழந்த குடும்பத்துக்கு 10,000 ரூபாயும், வெள்ளம் பாதித்த மற்றக் குடும்பங்களுக்கு 5,000 ரூபாயும், அரிசியும் வேட்டி சேலையும் கொடுத்தது. அது வீட்டைப் பார்த்துக் கொடுத்த பணம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் கைத்தறி, கைவினைக் கலைஞர்களுக்குத் தனியாகவே ஓர் இடம் இருக்கிறது என்பது நம் தெருவில் பலருக்குத் தெரியாது. கருவி பழுதானால் ஒரு தொகை. மூலப்பொருளோ, செய்துகொண்டிருந்த பொருளோ, செய்து முடித்த பொருளோ பாழானால் இன்னொரு தொகை. 2015 முதல் இருந்த விதியில் ஒவ்வொன்றுக்கும் 4,100 ரூபாய், 2022 முதல் 5,000 ரூபாய். அதற்கு உரிய அதிகாரி இழப்பைப் பார்த்துச் சான்று தர வேண்டும். ஒரு சேலைக்கு வேண்டிய பட்டும் சரிகையும் என்ன விலை என்று உன் அப்பாவைக் கேட்டால், 5,000 ரூபாய் எந்த மூலைக்கு என்பது தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய குறை வேறு. தறி உடையவில்லை, பட்டு பாழாகவில்லை, குழியில் மட்டும் இருபது நாள் தண்ணீர் ஊறியது என்றால், அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. கடலுக்குப் போகாத நாட்களும் ஓர் இழப்பு என்று அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். மழைக்காலத்தில் தறி நிற்கிற நாட்களும் அப்படித்தான். இதை யாராவது எண்ணிக் காட்டினால்தான் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். அந்த எண்ணிக்கையை நீங்கள் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

எப்படி எடுப்பது? பத்து வருடம் ஆகிவிட்டது, யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று நீ கேட்பாய். கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிற நெசவாளர்களிடம் கணக்குப் புத்தகம் இருக்கும். எந்தத் தேதியில் பாவு வாங்கினார், எந்தத் தேதியில் சேலை கொடுத்தார், என்ன கூலி வந்தது என்று அதில் பதிவாகியிருக்கும். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை. ஆடி ஆவணியில் ஒரு சேலைக்கும் அடுத்த சேலைக்கும் எத்தனை நாள் இடைவெளி, அதே கையில் அதே தறியில் கார்த்திகையில் எத்தனை நாள் இடைவெளி என்று பார். கூடுதலாக இருக்கிற நாட்கள் பெரும்பாலும் மழை எடுத்துக்கொண்டவை. காய்ச்சலா, கல்யாணமா, பட்டு வரத் தாமதமா என்று கேட்டு அவற்றைக் கழித்துவிடு. அவர் எழுதிய தேதி அல்ல அது, சங்கம் எழுதியது. யாரும் மறுக்க முடியாது. 2014, 2015, 2016 என்று மூன்று வருடப் புத்தகம் ஒரே வீட்டில் கிடைத்துவிட்டால் அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டாம். தனியார் முதலாளியிடம் நெய்கிறவர்களிடம் சீட்டு இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. அவர்களிடம் அடகுச் சீட்டைக் கேட்கலாம். தோடு எந்தத் தேதியில் அடகுக்குப் போனது, எப்போது திரும்பி வந்தது, வந்ததா இல்லையா. கூச்சப்படுகிற விஷயம் அது. இரண்டாவது, மூன்றாவது முறை போகும்போது, அவர்களே பேச்சை எடுத்தால் மட்டும் கேள்.

வாய்ச்சொல்லாகக் கேட்கும்போது தேதி கேட்காதே, பண்டிகையை வைத்துக் கேள். 2015இல் தீபாவளி நவம்பர் 10. அதற்கு முதல் நாள் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையேறியது. அந்தத் தீபாவளி யாருக்கும் மறந்திருக்காது. 2021இல் பாலாறு பெருகிய நவம்பர் 19 கார்த்திகை தீபம். "தீபத்தன்னிக்கு அகலை எங்கே வெச்சீங்க?" என்று ஒரு பாட்டியைக் கேட்டுப் பார். வாசலில் தண்ணீர் இருந்ததா, திண்ணை வரை வந்ததா, எல்லாம் அதிலேயே வந்துவிடும். சொன்னதைச் சுவரில் காட்டச் சொல்லி, வாசல்படியிலிருந்து அளவு நாடா பிடித்துக் குறித்துக்கொள். வானிலை மையத்தின் அன்றாட மழை அளவோடு பிறகு ஒத்துப் பார்க்கலாம். நிவாரணப் பட்டியலில் எத்தனை நெசவாளர் இருந்தார்கள் என்பதை வட்டாட்சியர் அலுவலகத்திடமும் கைத்தறித் துறையிடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். எண்ணிக்கை போதும், தனி ஆட்களின் பெயர் வேண்டாம்.

பெண்களைத் தனியாகப் பார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக்குள் போனதும் உங்களை வரவேற்றுப் பேசுகிறவர் தறிக்காரராக இருப்பார். சங்கத்துப் புத்தகமும் பெரும்பாலும் அவர் பெயரில் இருக்கும். நூலைப் பிரித்தவள், தார் சுற்றியவள், கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைநாடா எறிந்தவள் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தறி நின்றால் இரண்டு பேர், சில வீட்டில் மூன்று பேர் வேலை நின்றது என்று அர்த்தம். அவளுடைய நாளைக் கேள். விறகு நனைந்தபோது எப்படிச் சமைத்தாள், பட்டு மூட்டையை எங்கே தூக்கி வைத்தாள், தூங்கும் இடத்தைப் பாவுக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை எங்கே படுக்க வைத்தாள். வீட்டில் பள்ளிக்கூடத்துப் பையை மேலே வைப்பதற்கு முன்னால் சங்கத்துப் பட்டை மேலே வைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்து பல வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள். அது சொந்தப் பட்டு இல்லை, எடை போட்டுக் கொடுத்த பட்டு. திருப்பிக் கொடுக்கும்போது எடை நிற்க வேண்டும். நனைந்து கறைபட்ட பட்டும் கறுத்த சரிகையும் கடைசியில் யார் கணக்கில் போயின என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுது. எனக்கு அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள மிகவும் விருப்பம்.

வேகவதிக் கரைக்குப் போகும்போது எச்சரிக்கையாக இரு. அங்கே நிலைமை வேறு. ஆற்றின் கரையிலும் ஆற்றுக்குள்ளேயும் பல வருடங்களாகக் குடியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்கிரமிப்பு என்று அகற்ற முயற்சி நடந்துகொண்டே இருக்கிறது. கீழ்க்கதிர்பூரில் அடுக்குமாடி வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். போனவர்களும் உண்டு, போக மறுத்தவர்களும் உண்டு. ஆற்றுக்கு வழி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேகவதியை அடைத்துவிட்டு ஊர் பிழைக்க முடியாது. ஆனால் குழித்தறிக்காரரை இரண்டாவது மாடிக்கு அனுப்பினால் அவர் குழியை எங்கே தோண்டுவார்? ஆற்றின் தேவையையும் தறிக்காரரின் தேவையையும் சேர்த்தே எழுத வேண்டும். நீ எடுக்கும் ஒரு படம், "இந்த வீட்டுக்குள் இவ்வளவு தண்ணீர் வந்தது" என்று இழப்புக்குச் சாட்சி சொல்லும். அதே படம் "இந்த வீடு ஆற்றுக்குள் இருக்கிறது" என்று இன்னொருவர் கையில் வேறு சாட்சியும் சொல்லும். அந்தக் குடும்பத்துக்கு இதை முன்னாலேயே விளக்கிச் சொல்லிவிடு. வேண்டாம் என்றால் எடுக்காதே. எடுத்த பிறகு வேண்டாம் என்றாலும் அழித்துவிடு. வீட்டு எண், கைபேசியில் தானாகப் பதிவாகும் இடக்குறிப்பு எதுவும் வெளியே போகக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் குழுவில் யாருக்கும் விதிவிலக்கு இருக்கக் கூடாது.

படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி படமெடுத்தார். எலும்பும் தோலுமாக மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உலகம் முழுக்கப் பரவிய படங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பிள்ளை "இவங்க பேர் என்ன டீச்சர்?" என்று கேட்கும். பதில் கிடையாது. எந்த ஊர், என்ன தொழில், பிறகு பிழைத்தார்களா, ஒன்றும் அந்தப் படங்களோடு வரவில்லை. அந்த மாதிரி ஒரு படம்கூட உங்கள் தொகுப்பில் இருக்க வேண்டாம். அழுகிற முகம் வேண்டாம். குழியை எடு, அட்டையை எடு, சுவரில் படிந்த கறைக்கோட்டை எடு, கையை எடு. சம்மதித்தவர்களின் முகத்தை, அவர்கள் விரும்புகிற மாதிரி, விரும்புகிற இடத்தில் உட்காரவைத்து எடு. அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுது. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டு.

பிள்ளைகள் எழுதி என்ன ஆகப் போகிறது என்று உங்கள் வகுப்பில் ஒருவர் சொன்னாராமே. அவருக்கு ஜப்பானில் உள்ள ஒனகாவா ஊரின் கதையைச் சொல். 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊர் 800க்கும் மேற்பட்டவர்களை இழந்தது. அடுத்த மாதம் அங்கே நடுநிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்காரர்கள், சமூகவியல் வகுப்பில் உட்கார்ந்து யோசித்தார்கள். ஆயிரம் வருடம் கழித்து இங்கே வாழப்போகிறவர்களின் உயிரைக் காக்க நாம் என்ன செய்யலாம்? அவர்கள் சொன்ன வழிகளில் ஒன்று, நடந்ததைப் பதிவு செய்து விட்டுப்போவது. ஊரைச் சுற்றியுள்ள 21 கடற்கரைக் குடியிருப்புகளிலும், அலை ஏறிய இடத்தைவிட உயரத்தில் ஒவ்வொரு கல் நடுவது என்று முடிவு செய்தார்கள். ஒரு கோடி யென் வேண்டியிருந்தது. பள்ளிச் சுற்றுலா போன இடத்தில்கூட உண்டியல் ஏந்தி நின்று, ஒரு வருடத்துக்குள்ளாகவே திரட்டிவிட்டார்கள். முதல் கல் 2013இல் நின்றது, கடைசிக் கல் 2021இல். அதற்குள் அவர்கள் பள்ளியை விட்டு, கல்லூரியையும் முடித்து, வேலைக்குப் போயிருந்தார்கள். கல் நடும் வேலையை மட்டும் விடவில்லை. உங்கள் நாட்டு நலப்பணிச் சான்றிதழ் இரண்டு வருடத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகும் இந்தத் தெருக்களுக்கு வருகிறவர்கள் உங்களில் யார் என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

நடந்ததைப் பதிந்து வைப்பதில் நம் ஊருக்கும் பழக்கம் உண்டு, பாப்பா. சின்ன காஞ்சிபுரத்தில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில் தலபுராணம் என்ன சொல்கிறது? பிரம்மாவின் வேள்வியை அழிக்கச் சரசுவதி வேகவதி வெள்ளமாகப் பெருகி வந்தாள், பெருமாள் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார் என்கிறது. எப்போதோ வந்த ஒரு வெள்ளத்தை ஊர் இப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொண்டதோ என்று எனக்கு எப்போதும் தோன்றும். உத்திரமேரூருக்கு ஒருநாள் குழுவாகப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தல் முறைக்காகவே எல்லோரும் பேசுகிறார்கள். அவற்றில் ஏரி வாரியமும் இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஆட்களைத் தேர்ந்தெடுத்து, யார் தகுதி, யார் தகுதியில்லை என்று சுவரிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். செங்கல்பட்டு பிரிந்த பிறகும் நம் மாவட்டத்தில் அரசின் நீர்வளத் துறை பார்த்துக்கொள்ளும் பெரிய ஏரிகள் மட்டும் 381. ஊருக்குள் மஞ்சள்நீர்க் கால்வாய் எந்தத் தெருக்களின் தண்ணீரை வாங்கி நத்தப்பேட்டை ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும், எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது, எந்தக் குளத்துக்கு வரும் வாய்க்கால் எந்தக் கடைக்கு அடியில் போய்விட்டது என்று நடந்து பார்த்து ஒரு வரைபடம் போடுங்கள். கிழவர்களைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். தறி நின்ற நாட்களின் கணக்கையும் அந்த வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தத் தெருவில் குழி ஏன் அதிக நாள் ஊறியது என்று உங்களுக்கே புரியும். எனக்குத் தெரியாதது எவ்வளவோ அதில் வரும்.

அவசரப்பட்டு அச்சுப் போடாதீர்கள். விழா வைத்து வெளியிட்டு மாலை போட்டுக்கொண்டு முடித்துவிடும் புத்தகங்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதல் படியை அந்தத் தெருக்காரர்களிடம் கொடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். தப்பாக இருப்பதை அவர்கள் சொல்வார்கள், திருத்துங்கள். பிறகு நெசவாளர் சங்கங்களுக்கு ஒன்று, மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று, கைத்தறித் துறை அலுவலகத்துக்கு ஒன்று, உங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒன்று. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், அவர்கள் இது மாதிரியானவற்றின் அருமை தெரிந்தவர்கள். ஒலிப்பதிவுகளை இரண்டு இடத்தில் வையுங்கள். பெயர் சொல்ல விரும்பாதவர்களின் பதிவுகளைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.

கேள்வித்தாளை எழுதி எனக்கு அனுப்பு, பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். முதல் வீடாக நம் வீட்டையே வைத்துக்கொள். தாத்தாவின் சங்கத்துக் கணக்குப் புத்தகங்கள் பரணில் தகரப் பெட்டியில் இருக்கின்றன. அப்பாவிடம் சொல்லி இறக்கிக்கொள். 2015ஆம் வருடப் புத்தகத்தில் ஐப்பசியில் பாவு வாங்கிய தேதியிலிருந்து எண்ணத் தொடங்கு. பாட்டி பக்கத்தில் இருக்கும்போது எண்ணு. அந்த மழைக்காலத்தில் பாட்டி என்னென்ன செய்து வீட்டை ஓட்டினாள் என்று எனக்கே முழுசாகத் தெரியாது. அவள் சொல்வதை எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அத்தை